பச்சைப் பெட்டியும் நீலப் பெட்டியும்

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் முதல் தேநீர் அண்ணிக்குத்தான் போனது. இந்தக் கிடங்கில் காய்களைத் தரம் பிரிக்கும் மேசையில் நான் ஐந்து வருடமாக நிற்கிறேன். அவள் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கூட்டுறவுச் செயலாளர் கோப்பையைத் தானே கொண்டுபோய் அவள் கையில் கொடுக்கிறார். "குடிம்மா, ஆறிடும்." என்னுடையது மேசை ஓரத்தில் ஆறிப்போய்க் கிடந்தது. அதில் ஒரு வெங்காயச் சருகு மிதந்தது.

அற்ப விஷயம். தெரிந்துதான் எழுதுகிறேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

அண்ணன் கல்யாணம் முடிந்ததும் என் அறை அவர்களுக்குப் போனது. யாரும் பிடுங்கவில்லை, நானேதான் கொடுத்தேன். இப்போது கூடத்தில் படுக்கிறேன். அம்மா அவளை "ராசாத்தி" என்கிறாள். என்னை ஒரு தடவையாவது அப்படிக் கூப்பிட்டிருக்கிறாளா? "ஏய்", "இங்க பாருடி", "காது செவிடா" – வீட்டில் இவைதான் என் பெயர்கள். கிடங்கில் மட்டும் "தராசு". ஒரு கிழங்கைக் கையில் எடுத்தாலே எடை, ஈரம், உள்ளே சொத்தை எல்லாம் சொல்லிவிடுவேன் என்று வைத்த பெயர். எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான்.

மார்ச் 6, வியாழன்

வயிறு எரிகிறது. வரிசையாக எழுதினாலாவது அடங்குகிறதா பார்க்கிறேன்.

எங்கள் கிடங்கு, விளைவிக்கிறவர்களும் வாங்கிச் சாப்பிடுகிறவர்களும் சேர்ந்து நடத்தும் கூட்டுறவு. இடைத்தரகர் இல்லை, எல்லோரும் சமம் என்று வாசலில் பலகையே மாட்டியிருக்கிறார்கள். கடை இரண்டு. ஒன்று மேட்டில், பெரிய வீடுகள் இருக்கும் பக்கம். இன்னொன்று பாலத்துக்கு அடியில். உருண்டு திரண்ட முதல் தரம் பச்சைப் பெட்டியில் மேட்டுக்குப் போகும். நசுங்கினது, தழும்பு விழுந்தது, ஒரு நாள் தாண்டினால் அழுகுவது எல்லாம் நீலப் பெட்டியில் பாலத்தடிக்கு. மூன்றாம் தரம் குப்பைக் குழிக்கு. விளைவிக்கிறவர்களுக்கும் தரத்தைப் பார்த்துத்தான் விலை. அதனால் கோணலாக விளைந்ததை அவர்கள் கொண்டு வருவதே இல்லை, வயலிலேயே விட்டு உழுதுவிடுகிறார்கள்.

நாங்கள் பாலத்தடியில் வளர்ந்தவர்கள். அம்மா இன்றும் ஒவ்வொரு தக்காளியையும் திருப்பிப் பார்த்து, பெருவிரலால் அழுத்தி, மோந்து பார்த்துத்தான் பையில் போடுவாள். மேட்டுக்கடையில் அப்படி யாரும் அழுத்திப் பார்ப்பதில்லை. போனில் பேசிக்கொண்டே அள்ளிப் போட்டுப் போகிறார்கள்.

இந்த அநியாயத்தை நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லியிருக்கிறேன். தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். "தராசு, கோவப்படாம பேசு" என்பார் செயலாளர். அத்தோடு முடிந்துபோகும்.

இன்று அண்ணி எழுந்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தரமே பிரிக்க வேண்டாமே. ஒரே குவியல், ஒரே விலை. ரெண்டு கடைக்கும் ஒரே மாதிரி கலந்து அனுப்புவோம். வளைஞ்ச கேரட்டும் கேரட்தானே?"

கைதட்டினார்கள். செயலாளர் எழுந்து நின்றே தட்டினார். ஒரு மாதம் நடத்திப் பார்ப்பதாம், ஏப்ரல் 6 உறுப்பினர் கூட்டத்தில் முடிவெடுப்பதாம்.

நான் சொன்னால் கோபம். அவள் சொன்னால் யோசனை.

இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும். தரம் பிரிப்பது போனால், நான் எதற்கு?

மார்ச் 7, வெள்ளி

"வளைஞ்ச கேரட்டும் கேரட்தானே." கிடங்கு முழுக்க இன்று இதே பேச்சு. சுமை இறக்குகிறவர்கூட முதுகைப் பிடித்துக்கொண்டு, "வளைஞ்ச ஆளும் ஆள்தானே" என்கிறார்.

மார்ச் 11, செவ்வாய்

கலவை ஆரம்பம். எதிரே தக்காளிக் குவியல். வழக்கம்போல வலப்பக்கம் மேட்டுக்கான பச்சைப் பெட்டி, இடப்பக்கம் பாலத்தடிக்கான நீலப் பெட்டி. வந்ததை வந்தபடி இரண்டிலும் போட்டு நிரப்ப வேண்டும். இதைச் செய்யக் கையிருந்தால் போதும், தராசு தேவையில்லை.

கேரட்காரம்மா வண்டி நிறையக் கொண்டு வந்திருந்தாள். இரண்டு கால் முளைத்தது, முறுக்கிக்கொண்டது, விரல் நீளமே உள்ளது. "இந்தத் தடவ வயல்ல எதையும் விட்டுட்டு வரல. பாக்க அழகா இருக்கணும்னு மருந்து அடிப்பேனே, அதையும் நிறுத்திட்டேன். எதுக்கு? கேரட்டு என்ன மாப்பிள்ள பாக்கவா போவுது?" சொல்லிவிட்டு அண்ணியின் கன்னத்தைக் கிள்ளினாள். போன வருடம் இதே கேரட்காரம்மா தன் பாதிச் சரக்கை நான் தள்ளினதற்கு என் மேசைமேல் எச்சில் துப்பாத குறைதான்.

வண்டி ஓட்டுவது அண்ணன்தான். பெட்டி ஏற்றும்போது அவனிடம் சொன்னேன்: "மேட்டுக்காரங்க ரெண்டு நாள்ல ஓடிருவாங்க. அவங்க காசு இல்லன்னா பாலத்தடிக் கடையே நிக்காது. உன் பொண்டாட்டிக்குக் கணக்கு தெரியுமா?"

"யோசனை புடிக்கலையா, யோசனை சொன்னவளப் புடிக்கலையா?" என்றான்.

கடைசிப் பெட்டியை ஏற்றிவிட்டு மேசைக்குத் திரும்பினேன்.

மார்ச் 18, செவ்வாய்

மேட்டுக்காரர்கள் ஓடவில்லை. ஒரு முணுமுணுப்பும் இல்லை.

ஆனால் பாலத்தடியிலிருந்து கடைக்காரக்கா போன் செய்தாள். ஒலிபெருக்கியே வேண்டாம், அவள் குரல் கிடங்கு முழுக்கக் கேட்டது. "கலக்குறோம் கலக்குறோம்னு ஊரெல்லாம் சொன்னீங்க. எனக்கு அதே கொழகொழதான வருது! யாரு காதுல பூ சுத்துறீங்க?"

அண்ணியின் முகம் சுருங்கியது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பாலத்தடியில் யாரோ அழுகல் தக்காளியைத் தின்கிறார்கள், எனக்குச் சந்தோஷம். எப்படிப்பட்டவள் நான்?

மார்ச் 22, சனி

மறுபடியும் புகார். பாலத்தடிக்கு மட்டும். ஒரே குவியல், ஒரே மேசை. அப்படியானால் நடுவில் வழியில்தான் ஏதோ நடக்கிறது என்று பேச்சு கிளம்பிவிட்டது. வண்டி முதலில் மேட்டில் நிற்கும், அப்புறம்தான் பாலத்தடி. மேட்டுக்கடைக்காரர்கள் நல்லதைப் பொறுக்கிக்கொண்டு கெட்டதை நீலப் பெட்டிக்கு மாற்றுகிறார்களாம், அண்ணன் காசுக்குக் கையை நீட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறானாம்.

வீட்டில் சாப்பிடும்போது அண்ணி கேட்டேவிட்டாள். "நீங்க வண்டிய விட்டு எறங்கி எங்கயாவது போறீங்களா? மறைக்காம சொல்லுங்க."

"திருடன்னு சொல்லேன். சுத்தி வளைக்காத."

"நான் கேக்கலன்னா வெளிய இருக்கிறவங்க கேப்பாங்க."

"வெளிய இருக்கிறவன் கேக்கட்டும். நீ கேக்காத!"

தட்டை அப்படியே விட்டு எழுந்து போனான். அம்மா அழுதாள். நான் குனிந்து சாப்பிட்டேன். நன்றாகவே சாப்பிட்டேன். அவளுடைய அழகான யோசனையை அவள் புருஷனே கெடுத்துவிட்டான் என்றால் – ஒரு தித்திப்பு.

அண்ணன் அப்படிச் செய்யமாட்டான். எனக்குத் தெரியும். சின்ன வயதில் ஒரு மாங்காய் திருடினால்கூட அம்மாவிடம் தானே போய்ச் சொல்லி அடி வாங்குகிற ஜென்மம் அவன். அப்படியானால் வேறு யார்? அந்தக் கேள்விக்குள் நான் போகவில்லை.

மார்ச் 25, செவ்வாய்

அண்ணனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். கூட்டம் வரை "ஓய்வு" என்று சொன்னார் செயலாளர். வேறு ஓட்டுநர் வந்துவிட்டார். அண்ணன் சாவியை மேசைமேல் வைத்தபோது என்னைப் பார்த்தான். "நீயாவது சொல்லேன்" என்பது போல. என்ன சொல்வது?

மார்ச் 26, புதன்

கிடங்கின் இடப்பக்கம் சாக்கடைக் குழாய் உடைந்து நாறுகிறது. தரையைத் தோண்டுகிறார்கள். வண்டி இனி எதிர்ப்பக்கக் கதவுக்கு வரும். ஏற்ற வசதியாகப் பெட்டிகளை இடம் மாற்றிவிட்டார்கள். நீலம் வலப்பக்கம், பச்சை இடப்பக்கம். மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை.

மார்ச் 28, வெள்ளி

கடைக்காரக்கா போன் செய்து வாழ்த்தினாள். "இப்பதாம்மா மனுசங்களா நினைச்சு அனுப்பியிருக்கீங்க! தக்காளி கல்லு மாதிரி இருக்கு."

ஓட்டுநரை மாற்றிய மூன்றாம் நாளே சரக்கு சரியாகிவிட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கிடங்கில் எல்லோரும் அண்ணனைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். பேசவே தேவையில்லை என்கிற மாதிரி. கூட்டத்தில் அவனை அடியோடு நீக்கிவிட்டு, அண்ணியின் முறையை நிரந்தரமாக்கப் போகிறார்கள்.

மேட்டுக்கடையிலிருந்தும் ஒரு போன். சரக்கு திடீரென்று கொழகொழவென்று வருகிறதாம். "கலந்தா அப்படித்தான் வரும், பழகிக்குங்க" என்றார் செயலாளர்.

திடீரென்று?

மார்ச் 31, திங்கள்

பேனாவை இரண்டு தடவை மூடி வைத்துவிட்டுத் திரும்ப எடுத்தேன்.

காலையில் அண்ணி மேசைக்கு எதிரே வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "அவர் எங்கிட்ட பேசி ஒரு வாரமாச்சும்மா. நீ கேட்டா பேசுவார். கேட்டுச் சொல்லேன்." ஏதோ பதில் சொல்லிக்கொண்டே நான் பெட்டி நிரப்பிக்கொண்டிருந்தேன். அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் என் கைகளைப் பார்த்தேன்.

வலக்கை ஒரு தக்காளியை எடுத்தது. பெருவிரல் லேசாக அழுத்தியது. கொழகொழ. உடனே அது இடக்கைக்குப் போனது. இடப்பக்கப் பெட்டியில் விழுந்தது. அடுத்தது கெட்டி. அது வலக்கையிலேயே இருந்து வலப்பக்கப் பெட்டியில் விழுந்தது. அடுத்தது. அதற்கடுத்தது.

நான் எதுவும் நினைக்கவில்லை. அண்ணியோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். கை தன் பாட்டுக்குப் பிரித்துக்கொண்டிருந்தது. ஐந்து வருடமாகச் செய்த வேலை. நல்லது வலம், கெட்டது இடம். முன்பு வலப்பக்கம் மேட்டின் பெட்டி இருந்தது. இப்போது அங்கே பாலத்தடியின் பெட்டி இருக்கிறது. அவ்வளவுதான் நடந்திருக்கிறது.

ஓட்டுநர் இல்லை. அண்ணன் இல்லை. நான்.

கூட்டத்தில் கத்தினவள் நான். பாலத்தடியில் பிறந்தவள் நான். இந்தக் கை மேட்டுக்குச் சேவகம் செய்துகொண்டிருந்திருக்கிறது. கலக்கச் சொன்ன பிறகும்!

ஏப்ரல் 1, செவ்வாய்

வேண்டுமென்றே செய்தேனா? இல்லை. அவள்மேல் எரிச்சல் வந்த நாட்களில் கை இன்னும் கொஞ்சம் வேகமாகப் பிரித்ததா? தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் எழுத முடியும்.

ஏப்ரல் 3, வியாழன்

விடிந்து எழுந்தபோது என் பக்கத்தில் இன்னொரு பாய். அண்ணி கூடத்துக்கு வந்து படுத்திருக்கிறாள். சுவரைப் பார்த்தபடி, என் போர்வையின் ஒரு ஓரத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டு. அம்மா அடுப்படியிலிருந்து கிசுகிசுத்தாள்: "அவ தங்கச்சி வீட்டுக்குப் போறேங்குறாடி. கூட்டம் முடிஞ்சதும் போயிடுவாளாம்."

அப்போது என் மனதில் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? என் அறை திரும்பக் கிடைக்கும்.

வாயைத் திறக்காவிட்டால் – அவள் யோசனை ஜெயிக்கும், குடும்பம் தோற்கும், எனக்கு அறை. குழாய் சரியானதும் பெட்டிகள் பழைய இடத்துக்கு வரும், நான் கையைக் கட்டுப்படுத்திக்கொண்டால் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் – அவளுக்கு எல்லாமே திரும்பக் கிடைக்கும். யோசனை, புருஷன், கைதட்டல். எனக்கு? தராசு என்ற பெயர்கூட மிஞ்சாது.

அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் சைக்கிளைத் துடைக்கிறான். நேற்றும் அதையேதான் துடைத்தான்.

ஏப்ரல் 5, சனி

நாளைக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

கிடங்கு நிரம்பியிருந்தது. மேட்டுக்காரர்கள் நாற்காலியிலும் பாலத்தடிக்காரர்கள் சாக்கு மூட்டைகள்மேலும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. செயலாளர் அண்ணனின் விஷயத்தை எடுத்தார். "வருத்தமான விஷயம்தான்…" என்று ஆரம்பிக்கும்போதே நான் எழுந்தேன்.

"இருங்க. எனக்கு ரெண்டு பெட்டி வேணும். பச்சைய வலப்பக்கம் வைங்க, நீலத்த இடப்பக்கம். பழைய மாதிரி."

"இப்ப எதுக்கு தராசு?"

"வைங்கன்னா வைங்க!" கோபம் வந்துவிட்டது. கோபப்படாமல் பேச இனி எங்கே போய்ப் பழகுவேன்.

குவியல் முன்னால் நின்றேன். கடைக்காரக்காவைக் கூப்பிட்டேன். "அக்கா, நீங்க என் மூஞ்சியப் பாக்காதீங்க, கையைப் பாருங்க." செயலாளரிடம், "நீங்க எங்கூட ஏதாவது பேசிக்கிட்டே இருங்க" என்றேன். அவர் திருதிருவென்று விழித்துவிட்டு, உடைந்த குழாயைப் பற்றிக் கேட்டார். எந்தப் பக்கம் உடைந்தது, எத்தனை பேர் தோண்டினார்கள், நாற்றம் போனதா. நான் பதில் சொல்லிக்கொண்டே நிரப்பினேன்.

"நிறுத்துடி" என்றாள் அக்கா.

நீலப் பெட்டிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து அழுத்தினாள். சாறு வழிந்தது. பச்சையிலிருந்து ஒன்றை எடுத்து மேசையில் தட்டினாள். டொக்கென்றது.

"வண்டில ஒன்னும் நடக்கல. எங்கண்ணன் ஒன்னும் பண்ணல" என்றேன். "என் கைதான். நல்லது எல்லாம் வலப்பக்கம் போகுது. குழாய் உடைஞ்சு பெட்டி மாறினதாலதான் உங்களுக்கு நல்லது வந்துச்சு. எனக்கே திங்கக்கிழமைதான் தெரியும். தெரிஞ்சும் இத்தனை நாள் சொல்லல."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! உங்கம்மாவும் எங்கிட்டதானடி வாங்குறா! உன் வீட்டுக்கே கொழகொழவ அனுப்புனியா?"

யாரோ சிரித்தார்கள். கூட்டமே சிரித்தது. மேட்டுக்காரர் ஒருவர் எழுந்து, "அப்ப இந்தக் கலவையெல்லாம் சரிப்படாதுன்னுதானே அர்த்தம்? தரம் பிரிக்கிறதுதான் இயற்கை" என்றார்.

சுருக்கென்றது. "இயற்கை இல்லீங்க" என்றேன். "நீங்க அஞ்சு வருசம் எனக்குச் சம்பளம் குடுத்துப் பழக்கினது. செடிக்கு மேட்டுக்காரன் யாரு, பாலத்தடிக்காரன் யாருன்னு தெரியுமா?"

கேரட்காரம்மா மட்டும் கையைத் தட்டினாள். ஒற்றைக் கைதட்டல். அதன் சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது.

வாக்கெடுப்பில் கலவை ஜெயித்தது. கொஞ்ச வித்தியாசத்தில்தான். சாவியைச் செயலாளரே எடுத்து அண்ணனிடம் நீட்டினார். அண்ணன் உடனே வாங்கவில்லை, நீட்டிய கையோடு அவரைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தான். நல்லது செய்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

பக்கத்தில் பாய் இல்லை. அண்ணி அறைக்குத் திரும்பிவிட்டாள். என் போர்வை முழுசாக என்மேல் இருக்கிறது. வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை.

ஏப்ரல் 9, புதன்

என்னை மேசையிலிருந்து தூக்கிவிடுவார்கள் என்று நினைத்தேன். நானே முந்திக்கொண்டேன். செயலாளரிடம் போய்ச் சொன்னேன்: வேறு யாரை நிறுத்தினாலும் அவர்கள் கையும் நாலு மாதத்தில் இதைப் பழகிக்கொள்ளும். யாருக்கு எது போகிறது என்று நிரப்புகிற ஆளுக்குத் தெரியக்கூடாது. பெட்டிகளின் நிறத்தை அழியுங்கள். எல்லாப் பெட்டியும் ஒன்றாக இருக்கட்டும். நடுவில் ஒரு சாக்குத் திரை. நான் இந்தப் பக்கம் நிரப்பித் தள்ளுகிறேன். அந்தப் பக்கம் ஒரு ஆள், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல், மூடிவிட்டுக் கடையின் பெயர்ச் சீட்டைக் கட்டட்டும்.

"சீட்டு கட்ட யாரு?"

"நான் கட்டுறேன்" என்று பின்னாலிருந்து அண்ணியின் குரல். எப்போது வந்து நின்றாளோ.

ஏப்ரல் 12, சனி

அண்ணன் வண்டிக்குள்ளிருந்து கூப்பிட்டான். "ஏய் தராசு, ஏறு. வீடு வரைக்கும் நடந்தா போகப் போற?"

இறங்கும்போது, "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல" என்றான். ஆமாம், சொல்லியிருக்கலாம்.

தராசு என்றுதான் கூப்பிட்டான்.

ஏப்ரல் 23, புதன்

திரைக்கு அந்தப் பக்கம் அவள் பாடிக்கொண்டே சீட்டுக் கட்டுகிறாள். மகா மோசமான குரல். அதுவாவது அவளுக்கு வரவில்லை.

மே 10, சனி

வேறு ஊர்க் கூட்டுறவிலிருந்து ஆட்கள் வந்து பார்த்தார்கள். சாக்குத் திரையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுதிக்கொண்டார்கள். குழி காலியாகக் கிடப்பதைப் படம் எடுத்தார்கள். அவர்களும் இப்படியே செய்யப் போகிறார்களாம். அண்ணிதான் எல்லாவற்றையும் விளக்கினாள். கடைசியில் என் தோளைப் பிடித்து இழுத்து அவர்கள் முன்னால் நிறுத்தினாள். "இந்தத் திரை இவளோட யோசனை. எங்க நாத்தனார். நான் பேசுனது வெறும் பேச்சு, அது நடந்தது இவளாலதான்."

பாழாய்ப் போனவள். அதையும் எவ்வளவு நன்றாகச் சொன்னாள்! நானாக இருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்கமாட்டேன். அதுதான் எரிகிறது.

வேலை முடிந்து பாலத்தடிக் கடை வழியாக வந்தேன். உள்ளே அம்மா நின்றிருந்தாள். கடைக்காரக்காவோடு அண்ணியைப் பற்றித்தான் பேச்சு. ராசாத்தி இப்படி, ராசாத்தி அப்படி. என்னைப் பார்க்கவில்லை. நான் வாசலில் நின்றேன்.

பேசிக்கொண்டே அம்மா தக்காளி எடுத்தாள். திருப்பவில்லை. அழுத்தவில்லை. மோந்து பார்க்கவில்லை. கை அது பாட்டுக்கு எடுத்துப் போட்டது, பேச்சு அது பாட்டுக்கு நடந்தது. பை நிறையும் வரை பெருவிரல் ஒரு தடவைகூட அசையவில்லை. அம்மாவுக்கே அது தெரியாது.

நான் மட்டும்தான் பார்த்தேன்.

அண்ணியிடம் சொல்லமாட்டேன். இது எனக்கு.